இருநூற்று எண்பத்தாறு கடிதங்களும் ஓர் அகர வரிசையும்

1. விபூதி வைத்த மானிட்டர்

ராமேஸ்வரம் தீவில் இருந்த அந்த அலுவலகத்துக்கு நான் மாற்றலாகிப் போன முதல் நாள், எனக்கென்று காட்டிய கம்ப்யூட்டரின் மேல் பூப்போட்ட துணி உறை ஒன்று போர்த்தியிருந்தது. உறையை எடுத்தேன். மானிட்டரின் நெற்றியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது. நான் போனது பங்குனியில். அதைத் துடைக்கும் தைரியம் அதுவரை யாருக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. விபூதிக்குக் கீழே தெரிந்த திரையில்தான் அடுத்த ஏழு வருடம் வேலை பார்த்தேன்.

என் பெயர் பாண்டியம்மாள். போன வருடம் உதவியாளராக ஓய்வு பெற்றேன். ஊர் திருப்புல்லாணிக்கு மேற்கே ஒரு கிராமம். எங்கள் அய்யாவுக்கு மிளகாயும் பருத்தியும் தெரியும், எனக்கு அதுவும் அரைகுறை. கடல் என்பது எனக்குப் பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது இரண்டு பக்கமும் தெரிகிற ஒன்று. அப்படிப்பட்ட என்னை விசைப்படகுகளின் பதிவும் ஆய்வும் பார்க்கிற அலுவலகத்தில் போட்டார்கள். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அங்கே வேலை பார்த்தவர்களில் சிலர் இன்னும் பென்ஷன் வாங்குகிறார்கள், நானும் வாங்குகிறேன்.

இந்தப் பக்கம் சித்திரை, வைகாசியில் இரண்டு மாதம் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். அந்தத் தடைக்காலத்தில் எல்லாப் படகும் கரையில் நிற்கும் என்பதால் அப்போதுதான் வருடாந்திர ஆய்வு. ஒவ்வொரு படகு உரிமையாளருக்கும் ஒரு கடிதம் போகும்: இன்ன எண்ணுள்ள உங்கள் படகை, இன்ன தேதியில், இன்ன இறங்குதளத்தில் காட்ட வேண்டும். ஆய்வில் காட்டாத படகுக்குத் தடைக்காலம் முடிந்ததும் டோக்கன் கிடையாது. டோக்கன் இல்லாமல் கடலுக்குப் போக முடியாது.

இருநூற்று எண்பத்தாறு படகு. இருநூற்று எண்பத்தாறு கடிதம். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஓடத்தான் செய்தது, டைப்ரைட்டராக. முதல் கடிதத்தை அடிப்பார்கள், பிரிண்ட் போடுவார்கள். பிறகு அதிலேயே பெயரை அழித்து அடுத்த பெயரை அடிப்பார்கள், படகு எண்ணை அழித்து அடுத்த எண்ணை அடிப்பார்கள். இப்படி ஒரு வாரம். இதில் முதல் வருடம் என் விரல் மரத்துப்போனது.

2. இருபது நிமிடம்

அந்த வருடம் ஆவணியில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை உறைகளில் முகவரி அச்சடிக்க ராமநாதபுரத்தில் ஒரு டிடிபி கடைக்குப் போயிருந்தேன். நான் வாங்கிய டீயைக் குடித்து முடிப்பதற்குள் கடைக்காரப் பெண் நானூறு உறைக்கும் முகவரியைத் திரையில் வரிசையாக நிறுத்திவிட்டாள்.

"இது என்ன வித்தைம்மா?" என்றேன்.

"வித்தையெல்லாம் இல்ல மேடம். மெயில் மெர்ஜ். வேர்டுலயே இருக்கு. உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் இருக்கும்."

இருந்தது. விபூதிக்கு அடியிலேயே, மெயிலிங்ஸ் என்ற தலைப்பில், இத்தனை காலமாக உட்கார்ந்திருந்தது. வேர்டில் ஒரே ஒரு கடிதம் அடிக்க வேண்டும். பெயர், முகவரி, படகு எண், இறங்குதளம், தேதி வரும் இடங்களை வெற்றிடமாக விட வேண்டும். எக்ஸெலில் ஒரு வரிக்கு ஒரு படகு வீதம் பட்டியல் இருக்க வேண்டும். இரண்டையும் இணைத்துவிட்டால் அது வரிவரியாகப் போய் வெற்றிடங்களை நிரப்பும். பட்டியலை அடிக்க எனக்குப் பத்து நாள் ஆனது. அது ஒருமுறைதான். அடுத்த வைகாசியில் கண்காணிப்பாளர் சுப்பையா சார் காலை பத்தரைக்குக் கடிதம் போடச் சொன்னார். நான் பதினொன்றுக்கு முன்பே தயார் செய்து, பிரிண்டர் முக்கி முனகி முடித்ததும், மதியச் சாப்பாட்டுக்குள் கட்டு முழுவதையும் அவர் மேஜையில் வைத்துவிட்டேன்.

சுப்பையா சார் பரமக்குடிக்காரர். வேலையைக் காதால் அளப்பவர். பக்கத்து அறையிலிருந்து கீபோர்டு சத்தம் கேட்டால் வேலை நடக்கிறது, கேட்காவிட்டால் நடக்கவில்லை. கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னம்மா பாண்டியம்மா, காலையிலதான சொன்னேன்?"

"முடிஞ்சிருச்சு சார்."

"ஒரு வாரத்து வேலை எப்பிடிம்மா அரை நாள்ல முடியும்? எங்கனயோ தப்பு இருக்கு. ஒவ்வொண்ணா எடுத்து பதிவேட்டோட ஒத்துப் பாருங்க."

மூன்று நாள் ஒத்துப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. நான்காம் நாள் அதற்குப் பரிசாக, விடுப்பில் இருந்த இன்னொருவருடைய மனுக்கள் பிரிவையும் என் தலையில் கட்டினார். "நீங்கதான் சீக்கிரம் முடிச்சுர்றீங்களே."

3. சத்தம் போடும் கலை

எனக்குப் பாடம் ஏறிவிட்டது. அடுத்த வருடம் கடிதங்களை முதல் நாளே அச்சடித்து என் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். தினமும் ஐம்பது, அறுபதாக எடுத்து சார் மேஜைக்கு அனுப்பினேன். மிச்ச நேரம் சத்தமாக டைப் அடித்தேன்.

என்ன அடிப்பது? ஒன்றும் தோன்றாமல், ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் வரைக்கும் பஸ் ஜன்னலில் தெரியும் கடைகளின் பெயர்களை ஞாபகத்திலிருந்து வரிசையாக அடித்தேன். மறுநாள் பஸ்ஸில் வரும்போது விட்டுப்போனதைப் பார்த்துக்கொண்டு வந்து இடையில் சேர்ப்பேன். சுவருக்கு அந்தப்புறம் சார் திருப்தியாகச் செருமுவார்.

முழுக்கவும் விளையாட்டு என்று சொல்ல முடியாது. அந்த நாட்களில் உருப்படியாகவும் சில வேலை செய்தேன். 'புதுசு', 'புதுசு ஒன்று', 'சார் சொன்ன புதுசு' என்று திரை முழுவதும் கிடந்த கோப்புகளை வருடவாரியாக ஃபோல்டரில் போட்டேன். கோப்பின் பெயரில் தேதியை முதலில் எழுதினால் அவையே வரிசையாக நின்றுகொள்ளும் என்று கண்டுபிடித்தேன். பதில் அனுப்ப வேண்டிய கெடு நாட்களை எல்லாம் கேலண்டரில் ஏற்றினேன், மூன்று நாள் முன்பே அது மணி அடித்து எச்சரிக்கும்.

ஆட்டோகரெக்ட் என்று ஒன்று இருக்கிறது. ஓரிரண்டு எழுத்து அடித்தால் முழு வாக்கியத்தையும் அதுவே போட்டுவிடும். 'மேற்காண் பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்துக்குப் பணிந்து சமர்ப்பிப்பது யாதெனில்' என்பதைத் தினம் பத்து தடவை அடிக்க வேண்டியிருந்ததால், அதற்குக் குறுக்குவழியாக 'மே' என்று வைத்தேன். இரண்டு மாதம் சொர்க்கம். பிறகு கோடை வந்தது. மேலிடத்துக்குப் போன ஓர் அறிக்கையில், ஆய்வு நடைபெறும் நாள் 'மேற்காண் பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்துக்குப் பணிந்து சமர்ப்பிப்பது யாதெனில் மாதம் பதினெட்டாம் தேதி' என்று போனது. அங்கிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. அறிக்கையை யாரும் படிப்பதில்லை என்று எனக்குத் தெரிந்தது அன்றுதான்.

அந்தத் தைரியம்தான் என்னைக் கெடுத்தது.

4. அகர வரிசை

மெயில் மெர்ஜ் தொடங்கி மூன்றாவது வருடம். கடிதங்களைத் தயார் செய்யும் நேரத்தில் சுப்பையா சார் உள்ளே வந்தார்.

"இந்த வருசம் எல்லாம் அகர வரிசையில இருக்கணும்மா. போன வருசம் கையெழுத்துப் போடறப்ப எந்தப் பேரு எங்கன இருக்குன்னே தெரியல."

"ஒரு நிமிசம் சார்" என்றேன். பெருமைதான்.

எக்ஸெலில் உரிமையாளர் பெயர் இருந்த பத்தியை மட்டும் தேர்வு செய்து, வரிசைப்படுத்தும் பொத்தானை அழுத்தினேன். நடுவில் ஒரு பெட்டி எழுந்து நின்று ஏதோ கேட்டது. 'பக்கத்தில் உள்ள பத்திகளையும் சேர்த்து நகர்த்தட்டுமா, இல்லை இது மட்டும் போதுமா?' என்பதுதான் அது ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி. இந்தப் பெட்டிகளை நான் படிப்பதில்லை. பஸ்ஸில் கண்டக்டர் 'உள்ள போங்க, உள்ள போங்க' என்பது மாதிரி, சும்மா சொல்வார்கள் என்று நினைப்பு. கை போன பொத்தானை அழுத்தினேன். பெயர்கள் மட்டும் அழகாக அகர வரிசையில் மாறி நின்றன. முகவரி, படகு எண், இறங்குதளம், தேதி எல்லாம் அசையாமல் பழைய இடத்திலேயே நின்றன.

அதாவது, ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் வேறொருவருடைய படகு.

அச்சடித்தேன். பீரோவில் வைத்தேன். நான்கு நாள் பூட்டிக் கிடந்தது. அந்த நான்கு நாளில் ஒரே ஒரு கடிதத்தை எடுத்துப் படித்திருந்தால் போதும். நான் பஸ் வழியில் பட்டணங்காத்தானில் புதிதாகத் திறந்திருந்த ஒரு செருப்புக் கடையின் பெயரைச் சரியான இடத்தில் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

சுப்பையா சார் இருநூற்று எண்பத்தாறிலும் சுருக்கொப்பம் வைத்தார். "அகர வரிசை அருமையா இருக்கும்மா" என்றார்.

5. பெர்னதெத் அக்காவின் புதுப்படகு

ஆய்வு புதன்கிழமை. திங்கள் காலை நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது அலுவலக வாசலில் முப்பது, நாற்பது பேர். முன்னால் நின்றவர் தங்கச்சிமடம் பெர்னதெத் அக்கா. அவர் வீட்டுக்காரருக்கு வலை இழுக்கும் விஞ்சில் கால் மாட்டி முறிந்ததிலிருந்து அவர்தான் படகை நடத்துகிறார். ஆள் சேர்ப்பது, டோக்கன் வாங்குவது, ஐஸ் ஏற்றுவது எல்லாம் அவர். குரல் அலுவலகத்தின் எந்த மூலைக்கும் கேட்கும்.

"வாங்க மேடம், வாங்க. ஒரு சந்தோசமான சமாச்சாரம். கவர்மெண்டு எனக்குப் புதுப்படகு குடுத்துருக்கு."

"என்னக்கா சொல்றீங்க?"

"நான் எங்கன சொல்றேன், நீங்கதான எழுதிருக்கீங்க. படிங்க. எம் பேரு போட்டிருக்கா? 'உங்களுக்குச் சொந்தமான'ன்னு போட்டிருக்கா? அந்த நம்பரு யாரு படகு தெரியுமா? பாம்பன் ராயப்பன் படகு. போன வருசம் இறக்குனது, புது எஞ்சினு. எம் படகு பதினாறு வருசப் பழசு, பலகை பாதி அடைப்பு பாதி. நான் இதையே எடுத்துக்கிறேன். ராயப்பன்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

பின்னால் ஒரே சிரிப்பு. "எனக்கும் நல்ல படகா பாத்துக் குடுங்க மேடம்" என்றது ஒரு குரல். "ஏலே, சும்மா இருங்கலே" என்று அக்கா திரும்பி ஓர் அதட்டு அதட்டினார்.

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். பெயர் அவருடையது. தெருவும் ஊரும் ராயப்பனுடையது. தபால்காரர் முகவரியைப் பார்க்கவே இல்லை. தீவில் எல்லோரையும் இனிஷியலோடு தெரிந்தவர். அறிவாளியாக, பெயரை மட்டும் பார்த்து, ஒவ்வொரு கடிதத்தையும் அந்தந்தப் பெயருக்குரியவர் கையில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். முகவரிப்படி கொடுத்திருந்தாலாவது படகு எண் சரியாக இருந்திருக்கும்.

சிரிப்பெல்லாம் வாசலோடு சரி. ஓரத்தில் நின்ற இரண்டு பேர் சிரிக்கவில்லை. தங்கச்சிமடத்துப் படகை மண்டபத்துக்குக் கொண்டுவரச் சொன்ன கடிதத்தைப் பார்த்து, அவர்களில் ஒருவர் படகைச் செப்பனிடும் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். புதன்கிழமை தவறான இடத்தில் நிற்கும் ஒவ்வொரு படகும் பதிவேட்டில் 'ஆய்வுக்கு வரவில்லை' என்று ஏறும். இரண்டு மாதமாகக் கரையில் உட்கார்ந்திருப்பவர்கள், கடல் திறக்கும் நாளில் டோக்கன் இல்லாமல் இன்னும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு படகுக்கு ஆறேழு குடும்பம்.

சுப்பையா சார் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது.

"அகர வரிசையில அடுக்கத்தான் சொன்னேன். ஆளையா மாத்தச் சொன்னேன்?"

"தப்பு என்னுதுதான் சார்."

"நான் அப்பவே சொன்னேன், இந்த மிசினை நம்பாதீங்கன்னு. இருபத்தெட்டு வருசமா கையால பதிவேடு எழுதுறேன். ஒரு படகு மாறிருக்கா?"

6. நல்ல நிலையில் உள்ளது

அழுவதற்கு நேரமில்லை. போன வருடத்துப் பட்டியல் தேதியோடு தனி ஃபோல்டரில் இருந்தது. படகு எண்கள் பெரும்பாலும் இரண்டு வருடத்திலும் ஒன்றுதான். எக்ஸெலில் வி-லுக்அப் என்று ஒரு சூத்திரம் உண்டு. 'இந்த எண்ணைப் பழைய பட்டியலில் தேடி, அதற்கு நேராக இருக்கும் பெயரை எடுத்து வா' என்றால் எடுத்து வரும். அரை மணியில் இருநூற்று அறுபத்து நான்கு பெயர்கள் வீடு திரும்பின. இருபத்திரண்டு வரிகளில் மட்டும் 'என்-ஏ', அதாவது கிடைக்கவில்லை, என்று வந்தது. இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த படகுகள், எண் மாறிய படகுகள். பதிவேட்டில் இன்னும் ஏறாதவை. அதற்கெல்லாம் மெஷினிடம் பதில் இல்லை.

பெர்னதெத் அக்கா இன்னும் போகவில்லை. என் மேஜைக்கு எதிரே ஃபேனுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, ஒரு உதவி."

"செய்றேன். எம் பழைய படகு எனக்குத் திரும்ப வேணும்ல. ஒரு டீ சொல்லுங்க."

நான் எண்ணைச் சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். "நீலம். அணியத்துல மாதா படம் வரைஞ்சிருக்கும். அது இப்ப சேவியர் மகன்கிட்ட இருக்கு." படகின் மூக்கைத்தான் அவர்கள் அணியம் என்கிறார்கள். அந்த மூக்குகளை வைத்தே இருபத்திரண்டுக்கும் ஆள் சொன்னார். ஒவ்வொன்றையும் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அன்று எனக்குச் சூடு பட்டிருந்ததால், அதோடு விடாமல் முழுப் பட்டியலையும் முதலிலிருந்து உரக்கப் படித்தேன். அக்கா "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நூற்று நாற்பதுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் "ம்" வரவில்லை.

"யாரு பேரு சொன்னீங்க?"

"சந்தியாகு. தங்கச்சிமடம்."

"சந்தியாகு மூணு வருசத்துக்கு முன்னாடியே தொழிலை விட்டுட்டு மக வீட்டுக்குப் போயிட்டாரே. அந்தப் படகு புயல்ல கரையில மோதி ரெண்டாப் பிளந்து போச்சு. எஞ்சினைக் கழட்டிக்கிட்டு, பலகையை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கங்கன்னுட்டாரு. எம் பேரன் ஞானஸ்நானத்துக்கு அதுலதான் பிரியாணி ஆக்குனேன்."

பதிவேட்டை எடுத்தேன். போன வருடம், அதற்கு முந்தின வருடம், இரண்டிலும் சந்தியாகு படகுக்கு நேராக, முத்து முத்தான கையெழுத்தில்: 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. நல்ல நிலையில் உள்ளது.' கீழே சுப்பையா சார் கையொப்பம். தங்கச்சிமடம் பக்கம் ஆய்வுக்குப் போன குழுவுக்கு அவர்தான் தலைவர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பக்கம் முழுவதும் ஒரேயடியாக எழுதித் தள்ளியிருக்க வேண்டும்.

அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"உண்மைதான் மேடம்" என்றார். "நல்லா எரிஞ்சுச்சு."

7. என் மெமோவை நானே அடித்தேன்

செவ்வாய் காலை புதுக் கடிதங்கள் தயார். தபாலுக்கு நேரமில்லை. ஊர்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு இறங்குதளத்துக்கும் ஒரு பட்டியல் எடுத்து ஐஸ் கம்பெனிச் சுவர்களில் ஒட்டச் சொன்னேன். போன் எண் இருந்தவர்களுக்கு எல்லாம் செய்தி அனுப்பினேன். தங்கச்சிமடம் கட்டை பெர்னதெத் அக்காவே கூடையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் போன கையோடு சுப்பையா சார் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். கையால் எழுதிய வரைவு. அதிகாரி கையெழுத்துக்கு வைக்க வேண்டிய மெமோ. பெயர்: பாண்டியம்மாள், உதவியாளர். 'படகுக்கும் உரிமையாளருக்கும் உள்ள பொருத்தத்தைச் சரிபார்க்காமல், அரசு ஆவணத்தில் பிழையான விவரம் பதிந்தமைக்கு மூன்று நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமாக விளக்கம் அளிக்க வேண்டும்.'

"இதை டைப் பண்ணிக் கொண்டாங்க" என்றார். அலுவலகத்தில் டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான்.

உட்கார்ந்து அடித்தேன். பாதியில் எனக்குள் ஒரு குறும்பு புகுந்தது. இவ்வளவு பொதுவான வாசகத்தை ஒருவருக்கு மட்டும் வைத்துக்கொள்வானேன்? பெயரையும் பதவியையும் அழித்து வெற்றிடமாக்கினேன். எக்ஸெலில் இரண்டே இரண்டு வரி. முதல் வரி: பாண்டியம்மாள், உதவியாளர், ஆதாரம் பெயர் மாறிய கடிதங்கள். இரண்டாம் வரி: சுப்பையா, கண்காணிப்பாளர், ஆதாரம் சந்தியாகு படகு ஆய்வுப் பதிவு. மெர்ஜ் கொடுத்தேன். இரண்டு தாள் வந்தது. இரண்டையும் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்துவிட்டு நின்றேன்.

முதல் தாளைப் படித்து ஓரமாக வைத்தார். இரண்டாவதைப் படித்தார். மறுபடி படித்தார். சந்தியாகு படகு என்ன ஆனது என்று சொன்னேன். பிரியாணியையும் விடவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

"இதுக்கு எத்தனை நிமிசம் ஆச்சு?"

"ரெண்டு நிமிசம் சார்."

"இதுக்குத்தான் இந்த மிசினே வேணாம்னேன்."

இரண்டு தாளையும் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அரை மணி நேரம்கூட அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. முதல் நாள் ஓரமாக நின்ற இரண்டு பேர் முகம் கண்ணில் வந்துகொண்டே இருந்தது. சார் வாயை அடைத்துவிட்டேன், சரி. படகு வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்தவருக்கு அதனால் என்ன?

மூன்று மணிக்கு எங்கள் அதிகாரி ராமநாதபுரத்தில் கூட்டம் முடிந்து வந்தார். என்னை விடப் பதினைந்து வயது சின்ன பெண், பேச்சில் கறார். நானாகவே உள்ளே போய் நடந்ததைச் சொன்னேன். என் தவறை மட்டும் சொன்னேன். சந்தியாகு பெயரை எடுக்கவில்லை. சுப்பையா சார் கோப்போடு எனக்குப் பின்னால் வந்து நின்றது தெரியாது.

"மேடம்" என்றார் சார், அதிகாரியிடம். "அந்தம்மா சொன்னது பாதி. மீதியை நான் சொல்லணும்."

சொன்னார். எதையும் மறைக்கவில்லை, டீக்கடை பெஞ்சு உட்பட. இருபத்தெட்டு வருடம் கையால் எழுதிய மனிதர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை, சுவரில் இருந்த அலை நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி கோப்பை வாங்கிப் புரட்டினார். பிறகு என்னிடம் கேட்டார்.

"லெட்டர் எல்லாம் ரெடி பண்ண எத்தனை நாள் ஆச்சு?"

பொய் சொல்லும் கட்டத்தைத் தாண்டிவிட்டிருந்தேன். "இருபது நிமிசம் மேடம்."

"அனுப்புனது அஞ்சாம் நாள். நடுவுல என்ன பண்ணீங்க?"

"டைப் அடிச்சேன்."

"என்ன டைப் அடிச்சீங்க?"

"கடைப் பேரு, மேடம்."

சுப்பையா சார் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இரண்டு மெமோவுக்கும் சேர்த்து அதுவே போதும். அதிகாரி வாயைக் கையால் மூடிக்கொண்டார். இருமல் என்று காட்டிக்கொண்டார். "விளக்கம் ரெண்டு பேர்கிட்டயும் வாய்மொழியாக் கேட்டாச்சு. நாளைக்கு ஒரு படகு விட்டுப்போனாலும் எழுத்துல கேப்பேன்" என்றார்.

8. புதன்கிழமையும் அதற்குப் பிறகும்

இருநூற்று எண்பத்தைந்து படகும் அததன் இடத்தில் நின்றன. தங்கச்சிமடத்துக்கு நானும் போனேன். சுப்பையா சார் அன்று எந்த பெஞ்சிலும் உட்காரவில்லை. ஒவ்வொரு படகிலும் ஏறினார். எஞ்சின் எண்ணைக் குனிந்து படித்தார். பதினோரு மணிக்குள் வெள்ளைப் பேன்ட்டில் முழங்கால் வரை தார்.

"ஏறுங்க சார், ஏறுங்க" என்றார் பெர்னதெத் அக்கா, தன் படகின் அணியத்தில் கையை ஊன்றிக்கொண்டு. "தட்டிப் பாருங்க. படகா, விறகான்னு."

சார் நிஜமாகவே தட்டினார். "கொஞ்சம் விறகு மாதிரிதான் கேக்குது" என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றார். சார் சிரித்துக்கொண்டே 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிவிட்டு, அதற்குப் பிறகு ஒரு கணம் யோசித்து, 'ஒழுக்கு அடைக்கப்பட்டுள்ளது' என்று சேர்த்தார். சந்தியாகு படகை அவரே சிவப்பு மையால் அடித்தார்.

கடல் திறந்த அன்று டோக்கன் கிடைக்காமல் ஒருவரும் நிற்கவில்லை. அந்தப் படகு வேலையைப் பாதியில் விட்டுவந்தவர் மட்டும் ஒரு நாள் பின்தங்கித்தான் போனார். அந்த ஒரு நாள் என் கணக்கில் இருக்கிறது.

உண்மையைச் சொன்னதற்கு உரிய தண்டனையும் கிடைத்தது. இருபது நிமிடம் என்று வாய்விட்டதால் இன்னும் இரண்டு பிரிவுகளின் கடிதங்கள் என்னிடம் வந்தன. ஆனால் இந்தத் தடவை நான் அதிகாரியிடம் நேராகவே பேசினேன். "மேடம், முடிக்கிற வேகத்துக்கு வேலை கூடுனா, நாளைக்கு யாரும் வேகமா முடிக்க மாட்டாங்க. மிச்சம் ஆகுற நேரத்துல பாதியாவது எனக்கு விடுங்க" என்றேன். அவர் யோசித்துவிட்டு, கடிதம் அனுப்பும் வாரங்களில் என்னை வேறு வேலைக்கு யாரும் கூப்பிடக் கூடாது என்று சுற்றறிக்கை போட்டார். அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

இப்போது இதைப் படிக்கிறவர்கள் என்னை விட நன்றாக எக்ஸெல் தெரிந்தவர்கள். உங்களுக்கு மெயில் மெர்ஜ் சொல்லிக்கொடுக்க நான் வரவில்லை. நான் கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன். நடுவில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் பெட்டியைப் படியுங்கள், அது சும்மா கேட்பதில்லை. ஒரு வாரத்து வேலையை இருபது நிமிடத்தில் முடித்தால், அடுத்த ஒரு மணி நேரத்தில் பத்துக் கடிதத்தை உருவி எடுத்து, அதைப் பெறப்போகிறவராக உங்களை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். அந்த ஒரு மணி நேரம் அவர்களுக்குச் சொந்தம்.

அதற்குப் பிறகும் மிஞ்சுகிற நேரம் உங்களுக்குச் சொந்தம். அது எவ்வளவு என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.